இடியாப்ப அச்சுக்கு ஒரு மரை

என் மனைவி பேசுவாள், நான் பொட்டலம் கட்டுவேன். மலாக்காவின் புக்கிட் காத்திலில், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கூடும் பாசார் சந்தையில் எங்கள் இடியாப்ப மேசை வெகு காலமாக இப்படித்தான் நடக்கிறது. இடியாப்பத்தை வாழையிலையில் வைத்து, துருவிய தேங்காயும் மலாக்கா கருப்பட்டித் தூளும் போட்டு மடிப்பது என் வேலை. வருகிறவர்களின் மருமகள் பிரசவம், மாமியார் முழங்கால், பையனுடைய லைசென்ஸ் எல்லாவற்றையும் விசாரிப்பது அவள் வேலை. யாராவது என்னைப் பார்த்து நலமா என்று கேட்டால்கூட, "அவருக்கென்ன, நல்லா இருக்காரு" என்று அவளே சொல்லிவிடுவாள். எனக்கு அது பெரிய சௌகரியம்.

அவளுக்கு அந்த மேசை வியாபாரம் மட்டுமல்ல. வாரம் முழுக்க வீட்டில் என்னைப் போன்ற ஒருவனோடு இருக்கிறவளுக்கு ஒரு காலைப்பொழுதாவது பதில் பேசுகிற மனிதர்கள் வேண்டாமா?

அந்த மேசைக்குத்தான் ஆபத்து வந்தது. அவளுடைய இடது மணிக்கட்டு வீங்கிக்கொண்டது.

காரணம் எங்கள் பித்தளை அச்சு. கல்யாணச் சீரில் வந்தது. குழலுக்குள் மாவை அடைத்து மூடியைப் பூட்டி, மேலே உள்ள கைப்பிடியைச் சுற்றினால் திருகு கீழே இறங்கி மாவை அமுக்கும். திருகின் உடம்பில் சுற்றிச் சுற்றி ஓடுகிற வரிக்குத்தான் மரை என்று பெயர். எங்கள் அச்சில் மரை தேய்ந்து போயிருந்தது. நான்கு சுற்று ஒழுங்காகப் போகும், ஐந்தாவது சுற்றில் சிக்கி, பிறகு திடீரென்று விடுபடும். விடுபடுகிற ஒவ்வொரு தடவையும் குழலைப் பிடித்திருக்கிற அவள் இடது கை முறுக்கிக்கொள்ளும். கிளினிக்கில் டாக்டர் பார்த்துவிட்டு, இனி அந்தக் கையை முறுக்கவே கூடாது என்று பட்டை போட்டு அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் பாசாருக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. அங்கே மேசைகளைப் பார்த்துக்கொள்பவர் ஒரு மலாய்ப் பெரியவர். பாக் சிக், அதாவது மாமா, என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நல்ல மனிதர். அவர் போன் செய்து, கூவே என்கிற மலாய்ப் பலகாரம் விற்கிற ஒரு பெண் இடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், வருகிற ஞாயிறும் மேசை காலியாக இருந்தால் தன்னால் அதைப் பிடித்துவைக்க முடியாது என்று சொன்னார். மனைவி "சரி பாக் சிக், சரி பாக் சிக்" என்று கேட்டுக்கொண்டாள். போனை வைத்த பிறகு அன்று முழுக்க அவள் என்னைவிடக் குறைவாகப் பேசினாள். வீடு எனக்கே பயமாக இருந்தது.

கடையில் புது அச்சு விற்கிறதே என்று கேட்கலாம். வாங்கினோம். பளபளவென்று எவர்சில்வரில் இருந்தது. அதன் மரை ரொம்பவும் நெருக்கம். சுற்றிக்கொண்டே இருந்தால் மாவு எறும்பு ஊர்வதுபோல் இறங்கியது. கைப்பிடியோ விரல் நீளம்தான். ஒரு தட்டுக்குள் உள்ளங்கை சிவந்துவிட்டது. மரக்கட்டை அச்சு அதைவிட மோசம், அதற்கு ஆள் ஏறி உட்கார வேண்டும். நான் அமுக்குகிறேன் என்று முன்வந்தேன். என் இடியாப்பத்தைப் பார்த்துவிட்டு, அதை நூடுல்ஸ் கடைக்காரனுக்குக் கொடுக்கச் சொன்னாள்.

நான் ஓர் அடுக்குமாடியில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஒழுகும் குழாய், எரியாத விளக்கு, மூடாத கதவு, இவைதான் என் உலகம். குழாய் மரை எனக்கு விரலில் தெரியும். ஆனால் பித்தளைத் திருகை நானே செய்வதற்கு என்னிடம் இயந்திரம் இல்லை. என்னிடம் இருந்தது மகள் விட்டுவிட்டுப் போன பழைய லேப்டாப்.

மகள் ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் வரைபட வேலை செய்கிறாள். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, பொருள்களை முப்பரிமாணத்தில் வரைகிற ஒரு இணையதளத்தைக் காட்டினாள். எந்த மென்பொருளையும் இறக்கி ஏற்ற வேண்டாம், செய்தி படிக்கிற மாதிரி பக்கத்தைத் திறந்தால் போதும். எனக்காக ஒரு கதவுக் குமிழை வரைந்து சுற்றிக் காட்டினாள். அவள் ஊருக்குப் போன பிறகு நான் தினமும் வேலை விட்டு வந்து அதைத் திறக்க ஆரம்பித்தேன். நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். அந்தப் பக்கத்தில் இருக்கிற ஆங்கிலத்தில் பாதி எனக்குப் புரியாது. ஆனால் பொத்தான்களில் படம் இருந்தது. வட்டம் வரைந்து இழுத்தால் குழாய். இன்னொரு வட்டம் போட்டு அழித்தால் துளை. தப்பாகப் போனால் ஒரு பொத்தானில் பின்னால் வந்துவிடலாம். யாரும் ஏன் எதற்கு என்று கேட்பதில்லை. எனக்காகவே செய்தது போலிருந்தது.

ஒரே ஒரு சங்கடம். காசு கட்டாமல் பயன்படுத்துகிறவர்கள் வரைவதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது எனக்குத் தெரியாது. அச்சுக்கான படத்துக்கு நான் ஆங்கில எழுத்தில் "மனைவி கை" என்று பெயர் வைத்திருந்தேன். மகள் போனில் கூப்பிட்டாள்.

"பா, ஒங்க மனைவி கைய யாரோ ரெண்டு பேரு காப்பி எடுத்துட்டுப் போயிருக்காங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள். நான் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு மறுநாள்வரை திறக்கவில்லை. திறந்து முதல் வேலையாகப் பெயரை "அச்சு" என்று மாற்றினேன்.

பித்தளைத் திருகை அளந்து, அதைவிடத் தடிமனாக ஒரு திருகும், குழலின் வாயில் உட்கார ஒரு மூடியும் வரைந்தேன். மாவைத் தொடுகிற குழலும் அதை அமுக்குகிற தட்டும் பழைய பித்தளையே. மேலே இருக்கிற திருகும் மூடியும் மட்டும் பிளாஸ்டிக். மூடியின் நடுவில் துளை போடுவதற்குத் தனியாக ஒரு பொத்தான் உண்டு. அதில் சாதாரணத் துளை, மரை வைத்த துளை என்று வகை இருக்கிறது. மரை வைத்ததைத் தேர்ந்தெடுத்தேன். துளைக்குள் அழகாக வரி வரியாகத் தெரிந்தது. இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம்.

டவுனில் கைப்பேசி உறை விற்கிற ஒரு சீனப் பையன், கடையின் பின்பக்கம் மூன்று பிரிண்டர் வைத்திருக்கிறான். படத்தைக் கொடுத்தால் பிளாஸ்டிக் இழையை உருக்கி, படிப்படியாக அடுக்கிப் பொருளாகத் தருவான். மூடியை மட்டும் முதலில் கொடுத்துப் பார்த்தேன். வாங்கப் போனபோது அவன் கண்ணாடி மேசைமேல் அதை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தான். துளைக்குள் விரல் விட்டேன். சோப்பு போட்டுக் கழுவிய தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது. ஒரு வரிகூட இல்லை.

திரையில் தெரிந்த வரியெல்லாம் வெறும் படம்தானாம். இங்கே மரை வரும் என்று வேலைக்காரருக்குச் சொல்வதற்காகத் துளையின்மேல் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி. இரும்பில் செய்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கருவியால் மரை வெட்டிக்கொள்வார்கள். பிரிண்டருக்கு அந்த நாகரிகமெல்லாம் தெரியாது, உடம்பில் இருப்பதை மட்டும்தான் அடிக்கும். அவன் மலாயில் பொறுமையாக இதை விளக்கினான். கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். நான் மூன்று முறை நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அப்படியானால் மரையை நிஜமாகவே செதுக்க வேண்டும். அதற்கு முதலில் ஓர் உருளையைச் சுற்றி ஏறுகிற சுருள் கோடு போட வேண்டும். பிறகு ஒரு சின்ன வடிவத்தை வரைந்து, அந்தக் கோட்டின் வழியாக ஓடவிட வேண்டும். ஓடிய இடமெல்லாம் பள்ளமாகும். முதல் தடவை என் வடிவம் கோட்டைவிட்டு விலகி, திருகு கிழிந்த பாயைப் போல ஆகிவிட்டது. இரண்டாம் தடவை பக்கமே சிவப்பாகி மறுத்தது. அந்த நேரம் பார்த்துத் திரையின் மூலையில் ஒரு சின்ன வண்ணப் பொட்டு தோன்றியது. மகள் ஜொகூரிலிருந்து என் படத்துக்குள் வந்துவிட்டாள். சட்டை போடாமல் உட்கார்ந்திருக்கும்போது விருந்தாளி வந்த மாதிரி எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவள் எதையும் தொடவில்லை. ஓரத்தில் ஒரு குறிப்பு மட்டும் போட்டாள்: திருகும் துளையும் ஒரே அளவாக இருந்தால் உள்ளே போகாது, துளையைக் கொஞ்சம் பெரிதாக விடுங்கள், பா.

திருகின் நகலைக் கொஞ்சம் பருமனாக்கி, அதை மூடிக்குள் வைத்துக் கழித்தேன். மூடிக்குள் அதற்கேற்ற மரை விழுந்தது. வரிகளுக்கு நடுவில் நல்ல இடைவெளி விட்டேன். ஒரு சுற்றுக்கு மாவு கணிசமாக இறங்க வேண்டும், அதேசமயம் கை நோகாமல் சுற்றவும் வேண்டும். கைப்பிடியை ஒரு சாண் அகலத்துக்குக் குறுக்குக் கட்டையாக வைத்தேன்.

சுருள் கோடு போடும்போது எந்தப் பக்கம் சுற்றி ஏற வேண்டும் என்று அந்த இணையதளம் கேட்கும். அதற்கு ஓர் அம்புக்குறி இருக்கிறது. ஒரு தடவை தட்டினால் கோடு வலப்பக்கம் சாய்ந்து ஏறும், மறுபடி தட்டினால் இடப்பக்கம். நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்று கண்ணுக்கு உறுத்தியது. இன்னொன்று எங்கேயோ பார்த்துப் பழகியதுபோல் நிம்மதியாக இருந்தது. அதையே வைத்துக்கொண்டேன்.

இந்த முறை திருகும் மூடியும் சேர்த்து அடிக்க நேரம் பிடித்தது. சனிக்கிழமை மத்தியானம்தான் பையன் கூப்பிட்டான். மறுநாள் பாசார். நான் போனபோது அவனே திருகை மூடிக்குள் ஏற்றிவைத்திருந்தான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். வெண்ணெய்போல் ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் வேறு எதையும் கவனிக்கவில்லை. மோட்டாரில் வீட்டுக்கு வரும்வழியெல்லாம் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

மனைவி நம்பிக்கை இல்லாமல்தான் வாங்கினாள். ஆனாலும் வெந்நீர் கொதிக்க வைத்து ஒரு பிடி மாவு பிசைந்தாள். மகளைக் கைப்பேசியில் கூப்பிட்டு, முகம் தெரிகிற மாதிரி மைலோ டின்மேல் சாய்த்து வைத்தாள். நான் திருகின் நுனியில் பித்தளைத் தட்டை மாட்டி, மாவை அடைத்து, மூடியைப் பூட்டிக் கொடுத்தேன். அவள் பிரம்புத் தட்டுக்கு மேலே குழலைப் பிடித்து, கைப்பிடியைச் சுற்றினாள். ஒன்றும் விழவில்லை. இன்னும் சுற்றினாள். கைப்பிடி மெதுவாக எழுந்து அவள் மூக்கை நோக்கி வந்தது.

"என்னாங்க இது, அமுக்கச் சொன்னா எந்திரிச்சு வருது?"

நான் வாங்கிப் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. மரை இடப்பக்கத்து மரை. உலகத்தில் எல்லாத் திருகும் வலப்பக்கம் சுற்றினால் இறங்கும், என்னுடையது ஏறும். ஏன் அந்தச் சாய்வு என் கண்ணுக்கு அவ்வளவு சரியாகத் தெரிந்தது என்று நின்று யோசித்தேன். ரப்பர் மரம். நான் பிறந்தது நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில். அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்டினார்கள். மரத்தில் போடுகிற வெட்டு எப்போதும் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும். அப்படி வெட்டினால்தான் பால் நன்றாக வரும். நடக்கத் தெரிந்த நாள் முதல் ஆயிரக்கணக்கான மரத்தில் அந்த ஒரே சாய்வைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, உருளையின்மேல் கோடு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். திருகை வரைவதாக நினைத்துக்கொண்டு நான் மரத்தை வெட்டியிருக்கிறேன்.

இதைச் சொன்னதும் கைப்பேசியில் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் வேலை செய்யும் இடத்தில் இப்படி ஒரு காரணத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றாள். மனைவி சிரிக்கவில்லை. நான் மெதுவாக, பரவாயில்லை, இடப்பக்கமே சுற்றினால் போகிறது, மாவுக்கு என்ன தெரியப்போகிறது என்றேன்.

"மாவுக்குத் தெரியாது. மொத ஈடு சாமிக்கு வெக்கறதுங்க. சாவு வீட்டுல சுத்தற மாதிரி சுத்தி எடுத்து அத சாமி முன்னால வெக்கச் சொல்றீங்களா?"

"மா, சாமி இதெல்லாம் பாத்துக்கிட்டு இருக்க மாட்டாரு லா."

"நீ கோயில எடப்பக்கமா ஒரு சுத்து சுத்திட்டு வந்து அப்புறம் எனக்குச் சொல்லு."

உண்மையைச் சொன்னால் எனக்கே மனம் ஒப்பவில்லை. ஆரத்தியிலிருந்து ஆட்டுக்கல் வரை வலப்பக்கம் சுற்றிய வீட்டில், விடிகாலையில் முதல் வேலையாக அவளை எதிர்ப்பக்கம் சுற்றச் சொல்ல எனக்கு என்ன உரிமை? படத்தில் அம்புக்குறியை ஒரு தடவை தட்டினால் சரியாகிவிடும், ஆனால் அதை அடித்து எடுக்க இன்னொரு முழு நாள் வேண்டும். பாசாருக்கு அந்த நாள் இல்லை. கூவே விற்கிற பெண்ணுக்கு அந்த மேசை போய்விடும் என்பதை நாங்கள் மூன்று பேருமே நினைத்தோம்.

மனைவிக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. மாவு காய்வதற்குள் குழலிலிருந்து எடுத்துவிடலாம் என்று அச்சைக் கையில் எடுத்தாள். மூடியைக் கழற்றத்தான் போனாள். பட்டை போட்ட இடது கையால் குழலை இறுக்கிப் பிடித்துத் திருக முடியாது என்பதால், அந்தக் கையைக் கைப்பிடிமேல் வைத்து, குறுக்குக் கட்டை முன்கையில் முட்டி நிற்கும்படி அணைத்துக்கொண்டாள். வலது கையால் குழலைப் பிடித்தாள். அவள் கை எதைப் பிடித்தாலும் வலப்பக்கம்தான் சுற்றும். குழலைச் சுற்றினாள்.

பிரம்புத் தட்டில் இடியாப்பம் விழுந்தது.

அவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் குழலைப் பார்த்தேன். கைப்பிடியை இடப்பக்கம் சுற்றுவதும், கைப்பிடியை அசையாமல் வைத்துக்கொண்டு குழலை வலப்பக்கம் சுற்றுவதும் மரைக்கு ஒன்றுதான். எத்தனையோ குழாயைக் கழற்றி மாட்டிய எனக்கு அது அந்த நிமிடம் வரை தோன்றவில்லை.

"நிப்பாட்டாதீங்க மா, சுத்துங்க, சுத்துங்க" என்று டின்மேல் இருந்து மகள் சொன்னாள்.

அவள் சுற்றினாள். குழல் சுழலச் சுழல, இழைகளும் அதனோடு சுழன்று தாமாகவே வட்டமாக விழுந்தன. வழக்கமாக அச்சைத் தட்டின்மேல் கையோடு நகர்த்திக்கொண்டே போக வேண்டும். இப்போது ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டால் போதுமாக இருந்தது. இடியாப்பம் நடுவில் கொஞ்சம் மேடாக, கோலம் சுழித்ததுபோல் உட்கார்ந்தது. கையை முறுக்குகிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். குறுக்குக் கட்டை முன்கையில் சாய்ந்து நிற்கிறது, மணிக்கட்டுக்கு வேலையே இல்லை.

"வலப்பக்கந்தான சுத்தறேன்?" என்று என்னிடம் உறுதி செய்துகொண்டாள்.

நீ சுற்றுவது வலப்பக்கம்தான் என்றேன். திருகு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்ற கேள்வியை மகள் கிளப்பப் பார்த்தாள். போனை நான் அணைத்துவிட்டேன்.

ஞாயிறு விடிவதற்கு முன்பே அடுப்பு பற்றிவிட்டது. முதல் ஈடு சாமி படத்துக்கு முன்னால் ஆவி பறக்கப் போனது. பாதி வேலையில் பிளாஸ்டிக் கைப்பிடி லேசாக முனகியது. நான் மரையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தேன், சத்தம் நின்றது.

பாசாரில் இரண்டு வாரக் கதை பாக்கி இருந்தது. அவள் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கினாள், சேர்த்துக் கொடுத்தாள். இடியாப்பம் ஏன் இப்படிச் சுழித்துக்கொண்டு நிற்கிறது என்று வழக்கமாக வருகிற ஓர் அக்கா கேட்டார். அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் வரைந்தார், பால்மரம் வெட்டுகிற மாதிரி மரை போட்டார் என்று தொடங்கி, மூக்குக்கு நேரே கைப்பிடி எழுந்து வந்தது வரை நடித்துக் காட்டினாள். அடுத்த மேசை, அதற்கடுத்த மேசையெல்லாம் திரும்பி என்னைப் பார்த்தது. நான் மேசைக்கு அடியில் குனிந்து வாழையிலை தேடினேன். இலை மேலேதான் இருந்தது.

நான் நிமிர்ந்தபோது பாக் சிக் வந்து நின்றார். அவள் பட்டை போட்ட கையைப் பார்த்தார், மேசையில் இருந்த பொட்டலங்களைப் பார்த்தார். எப்போதும்போல் எங்களிடமே மேசை வாடகையை வாங்கிக்கொண்டு, தனக்கு ஒரு பொட்டலம் கருப்பட்டி தூக்கலாகப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். நான் மடித்துக் கொடுத்தேன். அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

மனைவி அவர் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தேங்காய்ப் பாத்திரத்தைச் சாய்த்து அடியைப் பார்த்தாள்.

"பத்தாதுங்க. வர்ற வாரத்துக்கு இன்னும் கூட வாங்கிப் போடுங்க."